மதகு வரும் இடம்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்றைக்கும் சந்தேகம் வரும். முப்பது வருஷத்துக்கு மேல் உப்புத் தண்ணீரில் நின்றதில் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. பேனாவை அழுத்திப் பிடித்தால் வலிக்கும். தளர்த்திப் பிடித்தால் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிடும். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. டீக்கடையில்கூட முன்னால் நிற்பவர் என்ன கேட்கிறாரோ அதையே எனக்கும் என்று விரலைக் காட்டிவிடுவேன். ஆனால் கையெழுத்துப் போடத் தெரியும். எங்கள் தெருவில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குக் கட்டைவிரல்தான். கூட்டுறவுச் சங்கமோ ரேஷன் கடையோ, எங்கே தாள் வந்தாலும் "அவன் போடுவான்" என்று என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் தெரு மரக்காணத்துக்கு வெளியே, கழுவெளிச் சதுப்பு ஏரியை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெருமுக்கல் பக்கமிருந்தும் அதற்கு மேலேயிருந்தும் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீரெல்லாம் கழுவெளிக்கு வந்து சேரும். கழுவெளி நிறைந்தால் எங்கள் தெரு. தெருவுக்குக் கிழக்கே ஒரு மண் கரை. கரைக்கு அந்தப் பக்கம் உப்புப் பாத்திகள், அதற்கும் அப்பால் கடலுக்குப் போகிற ஓடை. மழைத் தண்ணீர் பாத்திக்குள் வராமல் இருக்கத்தான் அந்தக் கரை. ஆனால் மழை மிஞ்சினால் அதே கரை தண்ணீரைத் தெருவிலேயே நிறுத்திவிடும்.

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. தெருமுனைக் கைப்பம்பின் சிமெண்ட் மேடையைத் தண்ணீர் தொட்டதும் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு கரைக்குப் போவோம். கடல் வாங்குகிற நேரம் பார்த்துக் கரையை வெட்டிவிடுவோம். தண்ணீர் பாத்தி வழியாக ஓடையில் விழுந்து கடலுக்குப் போகும். ஒரே பொழுதில் தெரு வடிந்துவிடும். வெட்டுகிற இடம் எப்போதும் ஒன்றுதான், கரை தாழ்வாக இருக்கிற இடம். அந்த இடத்துக்கு நேர் கீழே இருப்பது என் பாத்தி.

என் பாத்தி என்றால் குத்தகைப் பாத்தி. என் அப்பா செய்தது, பிறகு எனக்கு வந்தது. கரை வெட்டினால் அந்தப் பாத்தி மொத்தமும் போகும். வரப்பு கரையும், மிதித்து மிதித்து இறுக்கின தரை பெயர்ந்துவிடும், மேலே ஒரு முழம் சேறு வந்து உட்கார்ந்துவிடும். அதனால் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வெட்டைப் பாத்திக்காரன்தான் வெட்ட வேண்டும். அவன் மண்வெட்டி மண்ணில் இறங்காமல் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். எவ்வளவு அவசரமானாலும் நிற்பார்கள். நான் ஒன்பது தடவை வெட்டியிருக்கிறேன், அதுவும் வரிசையாக ஒன்பது வருஷம். ஒன்பது தடவையும் என் மனைவி கரைக்கு வந்து, பாத்திக்கு முதுகைக் காட்டிக் கழுவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

தை பிறந்து தரை காய்ந்ததும் தெரு என் பாத்திக்கு வரும். வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு நாள் வேலை. சோறு அவரவர் தூக்குவாளியில். எங்கள் வீட்டிலிருந்து டீ மட்டும். சேற்றை அள்ளி, வரப்புப் போட்டு, வரிசையாக நின்று தரையை மிதித்துக் கொடுப்பார்கள். எதிர்வீட்டு அக்கா, அவர் எனக்கு உறவில்லை, வயதில் மூத்தவர், தலையில் உப்புச் சுமக்கிறவர், மிதிக்கும்போது வாய் ஓயாது.

"ஏம்பா, உன் பாத்திய மிதிச்சே என் இடுப்பு போச்சு. உன் பொண்டாட்டிய டீல சக்கரையாவது போடச் சொல்லு."

"போட்டுதாங்க்கா இருக்குது" என்பாள் என் மனைவி.

"எங்க, கரண்டிய டம்ளர்கிட்ட காட்டிட்டு எடுத்துட்டியா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

பிறகு ஒரு பெரிய மழை வந்தது. கடற்கரைச் சாலையே அறுந்துபோனது. அந்த மழைக்குப் பிறகுதான் அரசாங்கம் இந்தப் பக்கத்து வெள்ளத்துக்கென்று நிதி ஒதுக்கியிருக்கிறது என்று பேச்சு வந்தது. சாலையோரம் ஒரு போர்டு வைத்தார்கள். அதில் இருந்த தொகையை நான் எழுத்துக்கூட்டித் தெருவுக்குப் படித்துக் காட்டினேன். எத்தனை பூஜ்யம் என்பதில் எனக்கும் என் மச்சானுக்கும் சண்டை. மச்சான் என் மனைவியின் அண்ணன். டிராக்டர் வைத்திருக்கிறார், பத்தாவது வரை படித்தவர், அதிகாரிகள் வந்தால் முன்னால் நின்று பேசுகிறவர்.

வந்தது ஒரு சின்ன வயது இன்ஜினியர். நல்ல பையன். இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் எழுத வருகிறது. கரையில் ஏறும்போது ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். யாரைக் கேட்டால் தெரியும் என்று விசாரித்து என்னிடம் வந்தார். கரை எங்கே தாழ்வு, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து முதலில் ஏறும், கடல் எத்தனை மணிக்கு வாங்கும், எல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். நான் பேசினால் பாதியிலேயே அடுத்தவர் முடித்துவிடுவார்கள், வீட்டிலும் அப்படித்தான். இவர் நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நாலு நாள் அப்படி என்னோடு நடந்தார். மத்தியானம் எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார்.

"அண்ணா, இனிமே நீங்க வெட்டவே வேணாம்ணா" என்றார் ஒருநாள் கரையில் நின்று. "இந்த மண் கரைய எடுத்துட்டு கான்கிரீட் சுவர் வரப்போவுது. நீங்க வெட்டுற இதே எடத்துல நாலு ஷட்டர் வச்சு மதகு. அதுலேர்ந்து ஓடைக்கு நேரா வாய்க்கால். தண்ணி வந்தா ஷட்டரத் தூக்க வேண்டியதுதான். உங்க பாத்தி போவாது."

அதை வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். "நெசமாவா?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் இன்ஜினியருக்கு முட்டை வேறு பொரித்து வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து உப்பளக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். தெருவின் சம்மதம் வேண்டுமாம். இரண்டு தாள். கட்டைவிரல் வைக்கிறவர்கள் வைத்தார்கள். தெரு சார்பாக எழுத்தில் ஒரு கையெழுத்து வேண்டும் என்று மச்சான் என்னைக் கூப்பிட்டார். மேஜைமுன் உட்கார்ந்து முதல் தாளைப் படித்தேன். நான் சத்தம் வராமல் வாயசைத்துத்தான் படிப்பேன், விரலை எழுத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு. சுவர் பற்றியும் மதகு பற்றியும் இருந்தது. கொட்டகை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. இன்ஜினியர் போனைப் பார்த்தார்.

"டேய் மாப்ள, சாரு காலையிலேர்ந்து நிக்கிறாரு. பரீட்சையா எழுதுற?" என்றார் மச்சான்.

சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டாவது தாளைத் திருப்பி, பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். பக்கத்தில் தேதிக்கு ஒரு கோடு இருந்தது, காலியாக. "அது நாங்க போட்டுக்கிறோம்ணா" என்றார் இன்ஜினியர். ஐந்து நிமிஷம் கேட்டிருந்தால் அந்தத் தாளைப் படித்திருப்பேன். கேட்க வெட்கம்.

சுவர் எழும்பியது. மச்சான் டிராக்டர் மூன்று மாதம் மண்ணும் ஜல்லியும் அடித்தது. எங்கள் இடுப்புக்கு மேல் உயரமாக, வெள்ளையாக, கழுவெளி ஓரமாகவே போனது. பழைய கரை இருந்த தடமே இல்லை. நான் தினமும் பாத்திக்குப் போகும்போது வெட்டுகிற இடத்தைப் பார்ப்பேன். அங்கே சுவர் இடைவெளி விடாமல் போயிருந்தது. அந்த இடத்தில் மட்டும் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெரிய கட்டம் போட்டு, நடுவில் 'மதகு' என்று எழுதியிருந்தார்கள். முதலில் கட்டிவிட்டு அப்புறம் அறுத்து எடுப்பார்கள் போல என்று நினைத்தேன். வேலையாட்கள் கலவை மிஷினை ஏற்றிக்கொண்டு போனபிறகு இன்ஜினியருக்குப் போன் செய்தேன். அதிகாரி ஒருவருக்கு நான் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"அது செகண்ட் பேஸ்ணா" என்றார். "ஃபண்ட் ரிலீஸ் ஆனதும் வந்துரும். நீங்க கவலப்படாதீங்க. அண்ணி நல்லா இருக்காங்களா?"

நல்லா இருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் மழை குறைவு. கைப்பம்பு மேடைக்குத் தண்ணீர் வரவில்லை. என் பாத்தி போகாத தை மாதம் நெடுநாளைக்குப் பிறகு அதுதான். மற்றவர்களுக்கு முன்னால் நான் உப்பு வாரினேன். அக்கா தலைச்சுமையோடு போகிறபோது, "ஏம்பா, இந்த வருசம் எங்களுக்கு டீ கெடையாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மதகு பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பாத்தி பிழைத்த சந்தோஷத்தில் அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். இதை நான் மறைக்கக் கூடாது.

அடுத்த கார்த்திகையில் புயல் கரையேறியது. அனுமந்தைப் பக்கம் படகுகள் சாலைவரை வந்து கிடந்தன. எங்களுக்குக் காற்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர்தான். மழை நின்ற மறுநாள் காலையில், வானம் வெளுத்து வெயில்கூட வந்துவிட்டது, அப்போதுதான் கழுவெளி ஏறியது. பத்து மணிக்குக் கைப்பம்பு மேடையைத் தொட்டது.

என் வீட்டு வாசலில் தெரு வந்து நின்றது. எல்லார் கையிலும் மண்வெட்டி. மதகு கட்டவில்லை என்று அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் மேடையில் தண்ணீர் ஏறினால் என் வாசலுக்கு வந்து பழகிய கால்கள். நானும் மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். சுவர் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல எனக்கு வரவில்லை. முழங்கால் தண்ணீரில் சுவரண்டை போய், சிவப்புக் கட்டத்துக்கு எதிரே நின்றேன். 'மதகு' என்கிற எழுத்துக்குப் பாதிவரை தண்ணீர். யாரும் கை வைக்கவில்லை. முதல் வெட்டு என்னுடையது அல்லவா, காத்திருந்தார்கள்.

ஓங்கிப் போட்டேன். மண்வெட்டி எகிறி என் தோளைத் தாண்டிப் போய் விழுந்தது. சுவரில் நகக்கீறல் போல ஒரு கோடு. அப்புறம்தான் எல்லாரும் சேர்ந்து இடித்தார்கள். கடப்பாரை கொண்டு வந்தார்கள். கம்பி கட்டின கான்கிரீட். கடல் வாங்கி, திரும்ப ஏறுகிற நேரமும் வந்துவிட்டது. உள்ளங்கை அளவு காரை பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அக்கா சுவர்மேல் கையை ஊன்றி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே என் பாத்தி, மழை ஈரம் தவிர, வரப்பு குலையாமல் இருந்தது.

"உன் பாத்தி கோலம் போடலாம் போல இருக்குது" என்றார். "எங்க அடுப்புல மீனு நீந்துது."

யாரும் சிரிக்கவில்லை.

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

"கையெழுத்து போட்டது யாரு, நானா? எனக்கு அதுவும் தெரியாதே."

என் மனைவி எப்போதும்போல் வந்திருந்தாள். ஆனால் அன்றைக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று தெரியாமல், தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு பொழுதில் வடிகிற தண்ணீர் ஆறு நாள் நின்றது. பள்ளிக்கூடத்தில் தங்கினோம். திரும்பி வந்தபோது அக்கா வீட்டின் மேற்குச் சுவர் உள்பக்கமாகச் சரிந்து கிடந்தது. மண் சுவர், ஆறு நாள் எப்படித் தாங்கும். மற்ற வீடுகளிலும் அரிசி, துணி, பிள்ளைகள் புத்தகம் எல்லாம் போயிருந்தன. என் வீட்டிலும்தான். ஆனால் எனக்குப் பாத்தி இருந்தது. அதுதான் எல்லார் கண்ணிலும் இருந்தது.

மதகு எப்போது வரும் என்று கேட்க நானும் மச்சானும் அலுவலகத்துக்குப் போனோம். அந்த இன்ஜினியர் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இடத்தில் ஓர் அம்மா இருந்தார். கோபப்படாமல் உட்காரச் சொல்லி, பைலை எடுத்துப் பார்த்தார்.

"செகண்ட் பேஸ் இல்லீங்களே" என்றார். "நிதி வேற வேலைக்கு மாத்திட்டாங்க. சுவருக்கு அளவெடுக்க வர்றதுக்கு முன்னாடியே மதகக் கழிச்சாச்சு."

"முன்னாடியேவா?" என்றேன்.

"ஆமாங்க. மதகு இல்லன்னா ஜனங்க சுவர ஒடைச்சிருவாங்கன்னுதான் இந்த லெட்டரே வாங்கியிருக்காங்க. உங்க கையெழுத்துதானே இது?"

தாளைத் திருப்பிக் காட்டினார். நான் படிக்காத தாள். இப்போது நிதானமாகப் படித்தேன், வாயசைத்து. மதகு நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து அமையும் என்றும், எந்த நிலையிலும் கரையையோ சுவரையோ வெட்ட மாட்டோம் என்றும் இருந்தது. கீழே என் பெயர், கோட்டை விட்டு இறங்கி. பக்கத்தில் வேறு மையில், வேறு கையால் ஒரு தேதி.

என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சிவப்புக் கட்டத்தைப் போடச் சொல்லும்போதும், போனில் அண்ணி நல்லா இருக்காங்களா என்று கேட்கும்போதும் தெரிந்திருக்கிறது. நான் சொன்ன தாழ்வான இடம், கடல் வாங்குகிற நேரம் எல்லாம் அந்தப் பைலில் அழகான எழுத்தில் இருந்தன. நான் சொன்னதில் ஒன்றுகூட விடாமல் எழுதியிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் மச்சான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு ஏதோ உறுத்தியது.

"மச்சான், ரெண்டாவது தாள நீங்க படிச்சீங்களா?"

 "முந்தின நாளே காட்டுனாரு" என்றார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போட்டிருக்க மாட்டியே." சீட்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டார். "டிராக்டர் ஓடணும்னுதான், இல்லன்னு சொல்லல. ஆனா மாப்ள, வருசா வருசம் என் தங்கச்சி அந்தப் பாத்திக்கு முதுக காட்டிக்கினு நிக்கும்போது அவ மொகத்த நீ திரும்பிப் பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன்."

 இதுவரை என் மனைவியிடம் நான் இதைச் சொல்லவில்லை.

தை பிறந்தது. என் பாத்தியில் கட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை, யாரும் வரவில்லை. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கூப்பிடவில்லை, போனேன். சரிந்த சுவரின் மண்ணை ஒதுக்கி, நனைத்து, மிதித்துக் கொடுத்தேன். ஒரு நாள்தான் கணக்கு. நான் எட்டு நாள் போனேன். அக்கா தினமும் டீ கொடுத்தார். சர்க்கரை இருந்தது. பேச்சு இல்லை.

இந்தத் திங்கட்கிழமை அந்த அலுவலகத்து அம்மா கொட்டகைக்கு வந்தார். மதகுக்குத் திரும்பவும் நிதி கேட்டு எழுதப் போகிறார்களாம், தெருவின் சம்மதம் வேண்டுமாம். மறுபடியும் தாள். ஒருவரும் என்னை முன்னால் தள்ளவில்லை. ஆனால் வேறு யாரும் போகவும் இல்லை. நானே போய் வாங்கிக்கொண்டேன்.

"சத்தமா படி" என்றார் அக்கா பின்னாலிருந்து. பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. "எழுத்து எழுத்தா படி. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல, ஒக்காந்துக்கறோம்." தரையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

படித்தேன். இரண்டு இடத்தில் திக்கி நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. மதகு நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து அமையும். எந்த நிலையிலும் சுவருக்குச் சேதம் விளைவிக்க மாட்டோம். அதே வரிகள். கீழே பென்சிலில் பெருக்கல் குறி, காலியாக ஒரு தேதிக்கோடு.

"மதகு எந்த மாசம் வரும்மா?" என்று கேட்டேன். கூட்டத்தில் நான் கேட்ட முதல் கேள்வி.

"அத என்னால சொல்ல முடியாதுங்க. ஆனா கையெழுத்து இல்லன்னா பைலு நகராது."

"பைலு நவுராட்டி போவட்டும்மா" என்றார் அக்கா. "எங்களுக்குத் தண்ணி நவுரணும்."

நான் தாளை மடித்து அந்த அம்மாவிடமே கொடுத்தேன். "மாசத்த எழுதிக்கினு வாங்க. போடுறேன்" என்றேன். கேட்டுச் சொல்வதாகப் போனார். இன்றோடு ஐந்து நாள், வரவில்லை. நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. இதனால் மதகு வராமலே போனால், அடுத்த கார்த்திகையில் மறுபடி மேடையில் தண்ணீர் ஏறினால், தெரு மண்வெட்டியோடு வந்து நிற்கப்போவது என் வாசலில்தான். பாத்திக்கு நடுவில் நின்று பார்த்தால் சுவரின் பின்பக்கம் தெரிகிறது. அந்தப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டுகூட இல்லை.

திங்கட்கிழமை கொட்டகையிலிருந்து வெளியே வரும்போது அக்கா சொன்னார்: "போன தடவ நடந்தத எழுதி வை. ஒனக்குத்தான் எழுத வருமே." அதில் குத்தல் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. இருந்திருக்கும். எழுதிவிட்டேன். அன்றைக்குப் போட்ட கையெழுத்துக்கு யாரோ தேதி போட்டார்கள். இதற்கு நானே போடுகிறேன்.

பங்குனி மாதம் 14, வெள்ளிக்கிழமை.